பழைய 1080 டிஐயை விற்றுப் புதிய மடிக்கணினி வாங்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் இருந்துகொண்டு திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுப்பது உங்கள் தொழில். 2017இல் பாகம் பாகமாக வாங்கிக் கூட்டிய மேசைக்கணினி ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதில் இன்டெல் கோர் ஐ7-7700கே செயலியும், 32 ஜிபி ராமும், 11 ஜிபி நினைவகம் உள்ள என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்டும் உள்ளன. சென்ற ஆண்டு புதிய கேமரா வாங்கி, ஹெச்.265 வடிவத்தில் 10-பிட் 4:2:2 முறையில் 4கே படம் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற தொகுப்பு மென்பொருளில் காட்சிகள் திக்கித் திணறி ஓடுகின்றன. கார்டுக்கு வயதாகிவிட்டது என்று உங்கள் அண்ணன் மகன் சொல்கிறார். கடையில் ஆர்டிஎக்ஸ் 4060 உள்ள மெல்லிய மடிக்கணினி ஒன்றைக் காட்டி, 10 வரிசைக்கும் 40 வரிசைக்கும் இடையே மூன்று தலைமுறை இருக்கிறது, இரண்டையும் ஒப்பிடவே கூடாது என்று விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். மேசைக்கணினியை விற்று, அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு இதை வாங்கிவிடலாமா, அடுத்த ஆண்டு பொறியியல் படிக்கப் போகும் மகனுக்கும் அது உதவும் அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மடிக்கணினியில் கோர் ஐ7-13620எச் செயலி, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருப்பதையும், அடாப்டரில் 150 வாட் என்று அச்சிட்டிருப்பதையும் மகன் குறித்து அனுப்பியிருக்கிறார். அடாப்டரைத் திருப்பிப் பார்த்து எண்ணைக் குறித்து வந்த அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். கடைக்குப் போகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட அதைச் செய்வதில்லை.

விற்க வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் காட்சிகள் திணறுவதற்கு 1080 டிஐ காரணம் அல்ல. அந்த மடிக்கணினியில் அவை நன்றாக ஓடக்கூடும். ஆனால் அதற்குக் காரணம் அதிலுள்ள 4060 கார்டாக இருக்காது. இது விசித்திரமாகத் தோன்றும் என்பதால் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

முதலில் இரண்டு கார்டுகளின் பலத்தைப் பார்ப்போம். 1080 டிஐ 2017 மார்ச்சில் வந்தது. அதில் 3584 கணக்கிடும் கருக்கள் உள்ளன. 11 ஜிபி நினைவகம் 352 பிட் அகலமுள்ள பாதையில் விநாடிக்கு 484 ஜிபி வேகத்தில் தரவை அள்ளித் தருகிறது. இதற்கெல்லாம் அது 250 வாட் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. 4060 மடிக்கணினிக் கார்டு 2023இன் தொடக்கத்தில் வந்தது. அதில் 3072 கருக்கள், 8 ஜிபி நினைவகம், 128 பிட் பாதை, விநாடிக்கு 256 ஜிபி வேகம். காகிதத்தில் பார்த்தால் பழையதே பெரியது. ஆனால் புதிய சில்லு மிக நுண்ணிய உற்பத்தி முறையில் செய்யப்பட்டதால் அதன் கருக்கள் அதிக வேகத்தில் துடிக்கின்றன. 1080 டிஐயின் அறிவிக்கப்பட்ட பூஸ்ட் வேகம் 1582 மெகாஹெர்ட்ஸ், 4060 மடிக்கணினிக் கார்டின் உச்ச அளவோ 2370 மெகாஹெர்ட்ஸ். மேலும், பழைய சில்லுக்குள் 3 எம்பிக்கும் குறைவாக இருந்த எல்2 கேஷ் புதியதில் 32 எம்பி ஆகியிருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் சாமானைக் கிடங்குக்குப் போய் எடுத்து வராமல் கைக்கெட்டும் அலமாரியிலேயே வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு அது. பாதை குறுகியிருந்தாலும் அந்தக் குறை பெரிதும் மறைந்துவிடுகிறது. ஆக, முழு மின்சாரம் கிடைக்கும் ஒரு 4060 மடிக்கணினி பெரும்பாலான விளையாட்டுகளில் 1080 டிஐயை ஒட்டி வரும், சிலவற்றில் சற்று முந்தும். மூன்று தலைமுறை கடந்தும் கிடைக்கும் வேறுபாடு அவ்வளவுதான். விற்பனையாளர் ஒப்பிடக் கூடாது என்றதற்கு ஒருவேளை இதுவே காரணமாக இருக்கலாம்.

"முழு மின்சாரம் கிடைக்கும்" என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். மேசைக்கணினிக் கார்டுக்கு அதன் வாட் அளவு ஏறக்குறைய உடன்பிறந்தது. யார் தயாரித்தாலும் 1080 டிஐ என்றால் 250 வாட்டை ஒட்டியே இருக்கும். மடிக்கணினியில் அப்படி இல்லை. 4060 மடிக்கணினிக் கார்டுக்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவையும் தயாரிப்பாளர் வைத்துக்கொள்ளலாம். செயலி சும்மா இருக்கும் நேரத்தில் அதன் பங்கிலிருந்து இன்னும் 25 வாட் வரை கடன் வாங்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. குறைந்த அளவில் வைக்கப்பட்ட கார்டின் வேகம் 1470 மெகாஹெர்ட்ஸ் வரை இறங்கிவிடுகிறது. பைன்டவுனுக்கு அருகில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒரே எஞ்சின் பொருத்திய இரண்டு லாரிகளுள் ஒன்றுக்கு டீசலை அளந்து அளந்து விட்டால் என்ன நடக்குமோ, அதுதான் இங்கும் நடக்கிறது. இரண்டின் முகப்பிலும் ஒரே பெயர்தான் ஒட்டியிருக்கும்.

150 வாட் அடாப்டர் என்பது அந்த முழு இயந்திரத்துக்குமான மின்சாரம். செயலிக்கும், திரைக்கும், விசிறிக்கும், பேட்டரியை நிரப்புவதற்கும் போக, கார்டுக்குத் தொடர்ந்து கிடைப்பது எழுபது எண்பது வாட்டுக்குள்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. 230 வாட் அடாப்டரோடு வரும் தடித்த 4060 மடிக்கணினியோடு இதை ஒன்றாக எண்ண முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு நானே இப்படி ஒரு மெல்லிய இயந்திரத்தைப் பரிந்துரைத்து வாங்கவைத்தேன். பெட்டியில் வாட் அளவு எங்குமே இல்லை, நானும் கேட்கவில்லை. அவர் தம்பி வைத்திருந்த அதே பெயருள்ள கார்டு தம்முடையதைவிட விறுவிறுப்பாக ஓடுவதைப் பார்த்துவிட்டு அவர் பட்டறைக்கு வந்து நின்றபோது, எனக்குச் சொல்ல வாயில்லை. அதற்குப் பிறகு கார்டின் பெயரைக் கேட்பதற்கு முன்பே அடாப்டரைத்தான் கேட்கிறேன்.

அடாப்டரைப் பார்த்து ஊகிப்பதைவிட உறுதியான வழியும் உண்டு. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரத்தில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பகுதிக்குப் போனால், மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர் என்ற வரியில் அந்த இயந்திரத்துக்கு அனுமதிக்கப்பட்ட வாட் அளவு எழுதியிருக்கும். அதைத் திறந்து காட்டத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இந்தக் குழப்பம் எப்போதும் இருந்ததல்ல. முன்பெல்லாம் மடிக்கணினிக் கார்டின் எண்ணுக்குப் பின்னால் எம் என்ற எழுத்து ஒட்டியிருக்கும், வாங்குகிறவர் விழித்துக்கொள்வார். உங்கள் 1080 டிஐ பிறந்த பாஸ்கல் தலைமுறையில், 2016இல், மடிக்கணினிக் கார்டுகள் உண்மையிலேயே மேசைக்கணினிக் கார்டுகளுக்கு நெருங்கி வந்ததால் அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு இரண்டும் மீண்டும் விலகின; எழுத்து மட்டும் திரும்பி வரவில்லை. 4060இல் இரு வடிவங்களுக்கும் கருக்களின் எண்ணிக்கையாவது ஒன்றுதான். 4070இல் மேசைக்கணினிக் கார்டுக்கு 5888 கருக்களும் 12 ஜிபியும், மடிக்கணினிக் கார்டுக்கு 4608 கருக்களும் 8 ஜிபியும் உள்ளன. 4090 வரை போனால், மேசைக்கணினியில் 16384 கருக்கள், மடிக்கணினியில் 9728. ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன.

இனி உங்கள் உண்மையான தொல்லைக்கு வருகிறேன்.

கேமரா பதிவு செய்யும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியின் அளவை எழுதி வைக்கிறது. நிறத்தை மட்டும் சிக்கனமாக எழுதுகிறது. 4:2:0 முறையில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறக்குறிப்பு. 4:2:2 முறையில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு. மணப்பெண்ணின் அரக்குப் பட்டில் தங்கச் சரிகை ஓரம் பிசிறில்லாமல் தெரிவதற்கும், காவடி எடுப்பவர்களின் மஞ்சள் உடை மங்கிய ஒளியில் திட்டுத்திட்டாகக் கலையாமல் இருப்பதற்கும் அந்தக் கூடுதல் நிறக்குறிப்பு உதவுகிறது. ஆகவே கேமராவில் நீங்கள் தேர்ந்தெடுத்த முறையில் தவறில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். ஹெச்.265 என்பது காட்சியை மிக இறுக்கமாகச் சுருட்டி வைக்கும் வடிவம். ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு கணமும் அதைப் பிரித்தாக வேண்டும். அதற்கென்றே கிராஃபிக்ஸ் சில்லுக்குள் தனியாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. கணக்கிடும் கருக்களுக்கும் அந்தப் பகுதிக்கும் தொடர்பில்லை. கருக்கள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் அந்தப் பகுதிக்குத் தெரியாத வடிவத்தை அது தொடாது. 1080 டிஐயில் உள்ள பகுதி 10-பிட் 4:2:0 ஹெச்.265ஐ எளிதில் பிரிக்கும். 4:2:2 அதற்குத் தெரியாது. உங்கள் 7700கே செயலிக்குள் இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸுக்கும் தெரியாது. எனவே முழுச் சுமையும் நான்கே கருக்கள் கொண்ட அந்தச் செயலியின் தலையில் விழுகிறது, அது திணறுகிறது. 1080 டிஐயோ பக்கத்தில் கைகட்டி நிற்கிறது.

கடைக்காரர் சொல்லாத செய்தி என்னவென்றால், 4060க்கும் 4:2:2 தெரியாது. 40 வரிசை முழுவதற்குமே தெரியாது. அந்த வரிசையின் உச்சமான 4090ஐ வாங்கிப் பொருத்தினாலும் இந்த ஒரு வேலையில் அது உங்கள் பழைய கார்டைப் போலவே சும்மா நிற்கும். என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த 50 வரிசையில்தான் இந்தத் திறன் சேர்ந்தது. ஆனால் இன்டெல் தன் செயலிகளுக்குள் வைக்கும் கிராஃபிக்ஸில், 11ஆம் தலைமுறை முதலே 10-பிட் 4:2:2 ஹெச்.265ஐப் பிரிக்கும் பகுதி உண்டு. கடையில் பார்த்த இயந்திரத்தின் ஐ7-13620எச் 13ஆம் தலைமுறையைச் சேர்ந்தது. உங்கள் காட்சிகள் அதில் திணறாமல் ஓடினால், அந்தப் புகழ் பெட்டியின் மேல் ஒட்டிய 4060 சின்னத்துக்கு அல்ல, யாரும் பேசாத அந்தச் செயலிக்கே சேரும். அதே 4060 கார்டை ஏஎம்டி செயலியோடு சேர்த்து விற்கும் மடிக்கணினியை வாங்கியிருந்தால், செயலி வேகமானது என்பதால் ஓரளவு சமாளித்திருக்கும். நோய் அப்படியே இருந்திருக்கும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். திணறும் காட்சியை ரிசால்வில் ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கார்டின் வீடியோ டிகோட் வரைபடத்தை, அதாவது காட்சியைப் பிரிக்கும் அந்தச் சிறு பகுதியின் சுமையைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். அது தரையோடு தரையாகக் கிடந்து, செயலியின் வரைபடம் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தால் என் கணிப்பு சரி. பிறகு அதே கேமராவில் 4:2:0 முறையில் ஒரு நிமிடம் எதையாவது படம் பிடித்து அதையும் ஓட்டிப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு ஓடினால் கார்டின் மேல் இருந்த பழி நீங்கிவிடும்.

காசு செலவில்லாத தீர்வும் இங்கேயே இருக்கிறது. மீடியா பூலில் காட்சிகளைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால் ப்ராக்சி உருவாக்கும் கட்டளை வரும். பாதி அளவில், டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் வடிவத்தில், அதாவது இறுக்கமாகச் சுருட்டாத வடிவத்தில், ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு நகலை ரிசால்வ் தயாரித்து வைத்துக்கொள்ளும். வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில் நடக்கும், இறுதியாக வெளியிடும்போது மூலக் காட்சியையே அது எடுத்துக்கொள்ளும். நகல்களைத் தயாரிக்கும்போது உங்கள் செயலி ஒருமுறை பாடுபட்டே தீர வேண்டும் என்பதால், படப்பிடிப்பு முடிந்த இரவு அதை ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். வட்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கும். மறுநாள் காலையில் அதே பழைய இயந்திரம் புதிதாகப் பிறந்ததுபோல் வேலை செய்யும். என் வாடிக்கையாளர்களில் திருமண வீடியோ எடுப்பவர்கள் சிலர் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறார்கள். வாடிக்கையாகிவிட்டால் தொல்லையாகத் தெரியாது.

விற்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் அந்த 11 ஜிபி. தைப்பூசக் காவடி விடியற்காலை இருட்டிலேயே தொடங்கிவிடும். ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழாக்களில் இரவு வெளிச்சம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட காட்சிகளில் புள்ளியடித்த இரைச்சலை நீக்க ரிசால்வின் டெம்போரல் நாய்ஸ் ரிடக்ஷனைப் பயன்படுத்துவீர்கள். அது ஒரு சட்டத்தை (ஃபிரேமை) சரிசெய்ய முன்னும் பின்னுமுள்ள பல சட்டங்களைக் கார்டின் நினைவகத்தில் ஒரே நேரத்தில் பரப்பி வைத்துக்கொள்கிறது. 4கே அளவில் அதன் மேல் வண்ணத் திருத்தமும் இன்னும் இரண்டு விளைவுகளும் சேர்ந்தால் 8 ஜிபி நிரம்பி, நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு வெளியீடு நின்றுவிடும் நிலை வரக்கூடும். 11 ஜிபியில் அந்த எல்லை சற்றுத் தள்ளி இருக்கிறது. முன்பு தடையில்லாமல் முடிந்த வேலை புதிய இயந்திரத்தில் நடுவழியில் நின்றால் உங்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதே சமயம், முகத்தையோ உருவத்தையோ தானாகப் பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் 4060 முந்திவிடும்; அதற்கென்று தனிக் கருக்கள் அதில் உண்டு, பாஸ்கலில் இல்லை. ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தில் வெளியிடவும் 4060ஆல் முடியும். 1080 டிஐயால் அந்த வடிவத்தைப் பிரிக்கவும் முடியாது. உங்கள் வாடிக்கையாளர்கள் ஏவி1 கேட்கும் காலம் இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

பழைய கார்டின் பக்கம் மட்டும் பேசுவது நியாயமாகாது. 10 வரிசைக்கான வழக்கமான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியீட்டை 2025 அக்டோபரோடு முடித்துக்கொள்வதாகவும், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாகவும் என்விடியா அறிவித்தது. ரிசால்வின் இனிவரும் பதிப்புகள் புதிய டிரைவர் கேட்கத் தொடங்கும்போது நீங்கள் இப்போதைய பதிப்பிலேயே நின்றுவிட வேண்டிவரும். உங்கள் 7700கே செயலி விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆகவே அந்த மேசைக்கணினியை இணையத்தில் உலாவவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் பயன்படுத்துவதைக் குறைத்து, தொகுப்பு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இதே காரணத்தால் இப்போது விற்றாலும் நல்ல விலை வராது. கைக்குக் கிடைப்பது மடிக்கணினியின் விலையில் ஒரு மூலையைக்கூட நிரப்பாது.

மின்வெட்டைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இதில் மடிக்கணினிக்கே வெற்றி, ஆனால் கடைக்காரர் சொன்ன காரணத்துக்காக அல்ல. மின்சாரம் போனாலும் பேட்டரியில் வேலை செய்யலாம் என்றாராம். விமானப் பயண விதிகளை ஒட்டி எந்த மடிக்கணினிப் பேட்டரியும் 100 வாட்-மணிக்குள்தான் இருக்கும். மெல்லிய இயந்திரங்களில் அதைவிடக் குறைவு. அடாப்டரைப் பிடுங்கிய உடனே கார்டின் வாட் அளவு வெகுவாகக் குறைக்கப்பட்டுவிடும். அப்படியும் கனமான வேலையில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் தாங்கும். வித்தியாசம் தெரிவது இன்வெர்ட்டரில். உங்கள் வீட்டில் இருப்பது 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்றுடன் வந்த தள்ளுவண்டி இன்வெர்ட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப்படி 1200 வாட்-மணி. ஆனால் அந்த வகைப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் ஆயுள் குறையும். இழப்புகள் போகக் கையில் நிற்பது சுமார் 500. மேசைக்கணினி திரையோடு சேர்த்து முழுச் சுமையில் 400 வாட் இழுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 150 வாட்டுக்கு மேல் போகாத மடிக்கணினியோ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். 2023இல் நாம் பட்ட பாட்டில், இரண்டு இரண்டரை மணி நேர லோட் ஷெடிங்கை ஒன்று தாண்டும், மற்றொன்று தாண்டாது என்பதே இதன் பொருள். 2024 மார்ச் இறுதியிலிருந்து நிலைமை பெரிதும் தேறிவிட்டதால், இந்த ஒன்றுக்காகவே பெரும் பணம் செலவிடுவது இப்போது அவ்வளவு அவசரம் இல்லை. மின்சாரம் திரும்பி வரும் நொடியில் ஏற்படும் எழுச்சியே கார்டுகளைக் கொல்கிறது. இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும் நல்ல சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக்கைப் பயன்படுத்துங்கள். உங்கள் இன்வெர்ட்டர் தூய சைன் அலை தருவதா என்பதையும் பாருங்கள். மலிவான மாற்றுச் சைன் அலை வகையில் மேசைக்கணினியின் பவர் சப்ளை உறுமும், சில சமயம் அணைந்தேவிடும்.

வெக்கையைப் பற்றியும் ஒரு சொல். டர்பனின் பிப்ரவரியில், ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்ற நாட்களில், மெல்லிய மடிக்கணினியின் செயலியும் கார்டும் ஒரே குழாய்களையும் விசிறிகளையும் பகிர்ந்துகொண்டு மூச்சுவிடப் போராடும். நீண்ட வெளியீடு ஒன்றின் முதல் பத்து நிமிட வேகம் இறுதிவரை நிலைக்காது. மேசைக்கணினியில் கெட்டுப்போன விசிறியை ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொண்டு மாற்றிவிடலாம். மடிக்கணினியில் கார்டு பலகையோடு பற்றவைக்கப்பட்டது, அது போனால் மொத்தப் பலகையும் போனதுபோலத்தான். உங்கள் 1080 டிஐயின் வெப்பநிலை இப்போது 84 டிகிரியில் போய் நின்று விசிறி அலறுகிறதென்றால், உள்ளே உள்ள வெப்பப் பசை காய்ந்துபோயிருக்கும். தூசியை எடுத்துப் புதிய பசை பூசுவது ஒரு பிற்பகல் வேலை. வெப்பநிலை பல டிகிரி இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

மகனுக்கு மடிக்கணினி எப்படியும் வேண்டும் என்றால், அது வேறு கணக்கு; உங்கள் தொழில் இயந்திரத்தை அதற்காகக் காவு கொடுக்க வேண்டியதில்லை. முதலாண்டுப் பொறியியலுக்குத் தேவையான வரைபட மென்பொருளுக்கும் நிரல் எழுதவும் 4060 தாராளம். விளையாட்டுதான் அவர் மனத்தில் இருக்கிறதென்றால், அதற்கும் ஒரு நியாயம் உண்டு: 2025இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் போன்ற சில புதிய விளையாட்டுகள் ரே டிரேசிங், அதாவது ஒளி செல்லும் பாதையைக் கணக்கிடும் வன்பொருள் இல்லாத கார்டில் தொடங்கவே மாட்டா, அங்கே 1080 டிஐயின் பலம் எதுவும் செல்லுபடியாகாது. சிறிய அளவில் வரைந்த படத்தைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கி விளையாட்டின் வேகத்தைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியும் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டுமே.

அப்படி வாங்குவதாக முடிவு செய்தால், கடையில் பார்த்த அதே மெல்லிய இயந்திரத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். 200 வாட்டுக்குக் குறையாத அடாப்டரோடு வருவதை, இன்டெல் செயலியுள்ளதைக் கேளுங்கள். விலை கட்டுப்படியானால் 4060க்குப் பதில் ஆர்டிஎக்ஸ் 5060 மடிக்கணினியைப் பாருங்கள், அதில் கார்டுக்கே 4:2:2 தெரியும். நினைவகம் அதிலும் 8 ஜிபிதான் என்பதை மறக்க வேண்டாம். ராமை 32 ஜிபியாக உயர்த்த இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 512 ஜிபி வட்டு உங்கள் தொழிலுக்குப் போதாது: விநாடிக்கு 200 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி, நான்கு மணி நேரத் திருமணம் ஒன்றே 360 ஜிபியை விழுங்கிவிடும். ரிசால்வ் ஸ்டூடியோவின் உரிமக் குறியீட்டை இரண்டு கணினிகளில் பதிவு செய்துகொள்ளலாம் என்பதால் அதற்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டாம். ஒரு சிறு எச்சரிக்கை: சில மடிக்கணினிகளில் திரையை நேரடியாக என்விடியா கார்டோடு இணைக்கும் மக்ஸ் சுவிட்ச் இருக்கும். விளையாட்டுக்காக மகன் அதைப் போட்டுவிட்டால் இன்டெல் கிராஃபிக்ஸ் அணைந்துவிடும்; அதோடு, 40 வரிசைக் கார்டுள்ள இயந்திரத்தில் உங்கள் 4:2:2 காட்சிகளும் பழையபடி திணறத் தொடங்கும். தொகுக்க உட்காரும் முன் அதைப் பழைய நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியே வேண்டாம், மேசைக்கணினியைத்தான் சீர்செய்ய விரும்புகிறேன் என்றால், 16 ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு ஒன்று 4:2:2 தொல்லையையும் நினைவகக் கவலையையும் ஒருசேரத் தீர்க்கும். அது 180 வாட் மட்டுமே எடுப்பதால் இப்போதுள்ள பவர் சப்ளையே தாங்கும். கார்டைப் பலகையோடு இணைக்கும் உங்கள் பழைய பிசிஐஇ 3.0 பாதையில் அது தன் முழு வேகத்தைக் காட்டாது, நான்கு கருச் செயலியும் பின்னால் இழுக்கும். இருந்தாலும் தொகுப்பு வேலைக்கு அந்த இழப்பு பொறுத்துக்கொள்ளத்தக்கதே. விலை விசாரிக்கும்போது 8 ஜிபி என்றும் 16 ஜிபி என்றும் அதே பெயரில் இரண்டு வகை இருப்பதைக் கவனியுங்கள்.

எதை வாங்கினாலும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதுள்ள பொருளை ஆறு மாதங்களுக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்த்தோ மாற்றியோ பணத்தைத் திரும்பப் பெற்றோ கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. சலுகை விலையில் வாங்கியதால் திருப்ப முடியாது என்று கடையில் சொன்னால் அது செல்லாது.

இந்த வாரமே ப்ராக்சி முறையைச் செய்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் அந்த இரண்டு வரைபடங்களும் என்ன காட்டின என்று எழுதுங்கள். நான் கணித்ததற்கு மாறாக இருந்தால், கார்டைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்து வாருங்கள், திறந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
டர்பனிலிருந்து உங்கள் கணினி ஆலோசகர்